ரோபோ: கட்டாய உழைப்பில் பிறந்த சொல்



கதையிலும் நாடகத்திலும் பிறந்து, ஆங்கிலப் பொதுவழக்கில் இடம்பிடித்த சொற்கள் ஏராளம். தாமஸ் மோர் 1516இல் எழுதிய நூலிலிருந்து உட்டோப்பியா வந்தது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணக்கதையிலிருந்து யாஹூ வந்தது. ஜோசப் ஹெல்லரின் 1961ஆம் ஆண்டு நாவல் கேட்ச்-22 என்ற தொடரைத் தந்தது. இவை பெரும்பாலும் பிறந்த கதையின் பொருளோடுதான் இன்றும் வழங்குகின்றன. உட்டோப்பியா என்றால் எங்குமில்லாத நல்லுலகம், யாஹூ என்றால் முரட்டு ஆள். மோரையும் ஸ்விஃப்டையும் படிக்காதவர்கூட ஏறக்குறைய அதே பொருளில்தான் சொல்கிறார்.

ரோபோவின் கதை வேறு. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் உலோகக் கையும் மின்விளக்குக் கண்ணும் மனத்தில் வந்து நிற்கின்றன. நூறாண்டுக்கு முன் பிராக் நகர அரங்கில் அதைக் கேட்டவர்களுக்கு நினைவு வந்திருக்கக்கூடியவர்கள் வேறு ஆட்கள்: பண்ணையாரின் நிலத்தில் கூலியின்றி உழுத அவர்களுடைய பாட்டன்மார்.

இந்த உரை நிறுவ விரும்புவது ஒன்றைத்தான். மறுத்துப் பேச உரிமையில்லாத உழைப்பாளிக்கு வைத்த பெயராகவே ரோபோ பிறந்தது. ஆங்கிலத்தின் வழியே உலகைச் சுற்றியபோது அந்தப் பொருள் உதிர்ந்து, இயந்திரம் என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. அதனால் தானியங்கித் தொழில்நுட்பம் பற்றிய பேச்சில் உழைப்பவரைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. இதை ஏழு கருத்துகளாக அவையின் முன் வைக்கலாம்.

1. பெயர் சூட்டியவர் ஓர் ஓவியர்

ரோபோ என்ற சொல்லை உருவாக்கியவர் செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் என்றே பல நூல்கள் எழுதின. அவரே அதைத் திருத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தச் சொல்லுக்குத் தந்திருந்த விளக்கம் பற்றிய பேச்சு எழுந்தபோது, தாம் பணியாற்றிய 'லிதோவே நோவினி' நாளிதழில் 1933 டிசம்பர் 24 அன்று ஒரு சிறு குறிப்பு எழுதினார். சொல் தம்முடையதில்லை, தம் அண்ணன் யோசெப்பினுடையது என்று அதில் தெளிவாகச் சொன்னார்.

யோசெப் சாப்பெக் ஓவியர், எழுத்தாளரும்கூட. ஒரு நாடகத்துக்கான கரு தோன்றியதும் கரெல் நேரே அண்ணனிடம் ஓடினார். அண்ணன் தூரிகையோடு படச்சட்டத்தின் முன் நின்றிருந்தார். தம்பி கதையைச் சுருக்கமாகச் சொன்னார். அப்படியானால் எழுது என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் வரைவதைத் தொடர்ந்தார். இந்தச் செயற்கைத் தொழிலாளர்களை என்னவென்று அழைப்பது என்ற சிக்கலைத் தம்பி எழுப்பினார். உழைப்பு என்ற பொருளுடைய லத்தீன் சொல்லை அடியொற்றி 'லபோரி' என்று ஒரு பெயர் அவர் மனத்தில் இருந்தது. ஆனால் அது ஏட்டுச்சொல்லாக ஒலித்தது, பிடிக்கவில்லை. வாயில் தூரிகையைக் கவ்வியிருந்த அண்ணன், ரோபோட் என்று வைத்துக்கொள் என முணுமுணுத்தார். அதோடு பெயர் முடிவாயிற்று.

அந்த நாடகம்தான் 'ஆர்.யு.ஆர்.'. ரோசும் என்பவரின் நிறுவனம் செய்துதரும், எல்லா வேலைக்கும் ஏற்ற ரோபோக்கள் என்பது இந்த மூன்றெழுத்தின் விரிவு. ரோசும் என்ற பெயரும் அறிவைக் குறிக்கும் செக் சொல்லின் சாயலில் அமைந்ததே. 1920இல் நாடகம் நூலாக வந்தது. 1921 ஜனவரி 2 அன்று ஹிராதெத்ஸ் கிராலோவே நகரில் ஓர் அமெச்சூர் நாடகக் குழு அதை மேடையேற்றியது. பிராக் தேசிய அரங்கில் ஜனவரி 25 அன்று அது அரங்கேறியது.

லபோரியைத் தள்ளிவிட்டு ரோபோட்டை ஏற்ற அந்தத் தேர்வை ஊன்றிக் கவனிக்க வேண்டும். லத்தீன் சொல் உழைப்பைப் பொதுவாகக் குறித்தது. யோசெப் கொடுத்த சொல்லோ குறிப்பிட்ட ஒருவகை உழைப்பை, செக் மக்கள் தலைமுறை தலைமுறையாக வெறுத்த உழைப்பைக் குறித்தது.

2. ரோபோத்தா என்பது என்ன

அந்த உழைப்பின் பெயர் ரோபோத்தா. செக் நிலப்பகுதிகளான பொஹீமியாவிலும் மொராவியாவிலும் குடியானவர் தம் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்துதர வேண்டிய கட்டாய வேலை அது. உழவு, அறுவடை, மரம் வெட்டுதல், வண்டியோட்டுதல் என எல்லாம் அதில் அடங்கும். மாடும் ஏரும் உடையவர் அவற்றோடு வர வேண்டும். இல்லாதவர் வெறுங்கையோடு வர வேண்டும். தம் வயலில் கதிர் முற்றிக் கிடந்தாலும் பிரபுவின் வயலுக்குத்தான் முதலில் போயாக வேண்டும்.

1680இல் பொஹீமியக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் பேரரசர் முதலாம் லியோபோல்ட், கட்டாய வேலை வாரத்துக்கு 3 நாளுக்கு மேல் போகக்கூடாது என்று ஆணையிட்டார். அறுவடைக் காலம் விதிவிலக்கு. குடியானவருக்கு நேரம் மிக அருமையான பருவத்திலேயே விதி தளர்ந்துகொண்டது. 1775இல் மீண்டும் பெருங்கிளர்ச்சி வெடித்தது. அதையடுத்து அரசி மரியா தெரேசா, அவரவர் செலுத்தும் வரிக்கேற்பக் கட்டாய வேலையைப் படிநிலைப்படுத்தினார். அவருடைய மகன் இரண்டாம் யோசெப் 1781இல் குடியானவருக்கு இடம்பெயரவும், திருமணம் செய்யவும், தொழில் கற்கவும் உரிமை தந்தார். அப்போதும் ரோபோத்தா ஒழியவில்லை. 1848 புரட்சியின்போது, வியன்னா பேரவையில் இளம் உறுப்பினராக இருந்த ஹான்ஸ் குட்லிச் அதை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவர் சைலீசியாவின் குடியானவர் குடும்பத்துப் பிள்ளை. அவ்வாண்டு செப்டம்பரில் அது சட்டமாயிற்று.

ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே, மத்திய ஐரோப்பா பற்றி எழுதியவர்கள் இந்தக் கட்டாய வேலையை ரோபோட் என்று குறித்திருக்கிறார்கள். அந்தப் பயன்பாடு வரலாற்று நூல்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

சொல்லின் வேர் இன்னும் ஆழமானது. அடிமையைக் குறிக்கும் பழைய ஸ்லாவிய வேரிலிருந்து இது கிளைத்தது. வேலை என்ற பொருளுடைய ஜெர்மானிய 'ஆர்பைட்' இதன் உறவு. அநாதையைக் குறிக்கும் ஆங்கில 'ஆர்ஃபன்', அதற்கு மூலமான கிரேக்கச் சொல் வழியாக இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று மொழிநூலார் காட்டுகிறார்கள். பெற்றோரை இழந்து, காப்பாரின்றி, பிறர் வீட்டில் ஏவல் செய்யும் பிள்ளை என்ற பொருள் வழியாக அநாதை, அடிமை, உழைப்பு ஆகிய மூன்றும் ஒரே வேரில் இணைகின்றன.

1848க்கும் 1920க்கும் இடையே 72 ஆண்டுகள்தான். பிராக் அரங்கில் அமர்ந்திருந்த முதியவர்களின் பெற்றோர் ரோபோத்தா செய்தவர்களாக இருந்திருக்கக்கூடும். வழக்கிலும் அந்தச் சொல் கடும் உழைப்பு என்ற பொருளில் உயிரோடுதான் இருந்தது.

3. ஆலை நகரத்துப் பிள்ளைகள்

பண்ணைக் காலத்துச் சொல்லை இரு சகோதரர்களும் தொழிற்சாலைக் காலத்துக்கு ஏன் கொண்டுவந்தார்கள்? விடை அவர்கள் வளர்ந்த ஊரில் இருக்கிறது.

கரெல் 1890இல் பொஹீமியாவின் வடகிழக்கில் மாலே ஸ்வதோன்யோவிச்சே என்ற சிற்றூரில் பிறந்தார். யோசெப் அவருக்கு மூன்றாண்டு மூத்தவர். தந்தை மருத்துவர். குடும்பம் குடியேறிய ஊபித்சே நெசவாலைகள் நிறைந்த ஊர். ஆலைத் தொழிலாளர்களின் இருமலும் காயங்களும் தந்தையின் மருத்துவமனை வழியாகவே வீட்டுக்குத் தெரிந்தவை. யோசெப்பை முதலில் நெசவுத் தொழிற்பள்ளிக்கு அனுப்பினார்கள். அதன்பின் உள்ளூர் ஆலையில் அவர் தொழிலாளியாகவும் வேலை பார்த்தார். ஓவியம் படிக்கப் பிராக் போனது அதற்குப் பிறகுதான். ரோபோ என்ற பெயரைச் சொன்னவர், விசைத்தறிகளின் இரைச்சலுக்கு நடுவே நாள் கழித்தவர்.

இருவரும் சேர்ந்து 1908இல் எழுதிய 'அமைப்பு' என்ற சிறுகதையில் இதன் விதை இருக்கிறது. அதில் வரும் ஆலை முதலாளி, தொழிலாளர்களிடமிருந்து உணர்ச்சியையும் அழகுணர்வையும் அகற்றி, உழைப்பு மட்டுமே மிஞ்சும் மனிதர்களை உருவாக்குகிறார். ஒரு தொழிலாளி தற்செயலாக அழகைக் கண்டுவிட, அந்த ஏற்பாடு முழுவதும் கலவரத்தில் சிதறுகிறது. 12 ஆண்டுக்குப் பின் வந்த நாடகத்தின் எலும்புக்கூடு இதுவே.

உலகச் சூழலும் ஒத்துழைத்தது. ஃபிரெடெரிக் டெய்லர் 1911இல் விஞ்ஞான மேலாண்மை பற்றிய நூலை வெளியிட்டார். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, வேண்டாத அசைவை வெட்டுவது அதன் வழி. 1913இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தொடர்வரிசை ஓடத் தொடங்கியது. அடுத்து வந்த உலகப்போர் லட்சக்கணக்கான மனிதர்களுக்கு எண்ணிட்டு அணிவகுக்க வைத்தது. நெரிசலான டிராம் வண்டியில் நின்றிருந்த மக்களைப் பார்த்தபோது நாடகத்தின் எண்ணம் உதித்தது என்று கரெல் பின்னாளில் லண்டன் இதழொன்றுக்குச் சொன்னார். அவர் கண்ணுக்கு அந்த மக்கள் இயந்திரங்களைப் போல் தெரிந்திருக்கிறார்கள். புது இயந்திரம் எதையும் பார்த்து அவர் எழுதவில்லை. வேலைக்குப் போய்த் திரும்பும் மனிதர்களைப் பார்த்தே எழுதினார்.

4. நாடகத்தில் வரும் ரோபோவுக்கு உலோகம் இல்லை

இந்த உரையின் மையச் சான்று நாடகமே. அதில் வரும் ரோபோக்கள் உயிர்ப்பொருளால் ஆனவை. கிழ ரோசும் ஒரு தீவில் கடலுயிர்களை ஆராய்ந்து, உயிர்ப்பொருளைப் போல நடந்துகொள்ளும் ஒரு வேதிப்பொருளைக் கண்டுபிடிக்கிறார். கடவுள் தேவையில்லை என்று நிரூபிப்பது அவருடைய ஆசை. பொறியாளரான அவருடைய தம்பி மகனுக்கு வேறு ஆசை: உற்பத்தி. அதன்பின் அந்தத் தீவில் ஆலை எழுகிறது. மாவு பிசைவதைப் போல் பெருந்தொட்டிகளில் உடற்பசையைப் பிசைகிறார்கள். ஈரலுக்கும் மூளைக்கும் தனித்தனித் தொட்டிகள். நரம்புகளை நூற்பாலையில் நூற்கிறார்கள். ஊபித்சேயின் நெசவாலை இங்கே அப்படியே வந்து நிற்கிறது.

இளைய ரோசுமின் தர்க்கத்தை ஆலை மேலாளர் டொமின், விருந்தாளியாக வந்த ஹெலெனாவுக்கு விளக்குகிறார். மிகச் சிறந்த தொழிலாளி யார்? மிக மலிவானவர், தேவைகள் மிகக் குறைந்தவர். மனிதர் வயலின் வாசிக்க விரும்புகிறார், உலாவப் போகிறார். துணி நெய்யவோ கணக்குக் கூட்டவோ இவை வேண்டியதில்லை. ஆகவே வேண்டாதவற்றையெல்லாம் கழித்துவிட்டு இளைய ரோசும் ரோபோவைச் செய்தார். டெய்லர் வேலையிலிருந்து கழித்ததை இவர் மனித உடலிலிருந்தே கழித்துவிட்டார்.

ரோபோவையும் மனிதரையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதை நாடகம் முதல் காட்சியிலேயே காட்டுகிறது. தட்டச்சு செய்யும் சுல்லா ரோபோ என்பதை ஹெலெனா நம்ப மறுக்கிறார். அடுத்து அறைக்குள் வரும் ஆலை நிர்வாகிகளை ரோபோக்கள் என்று நினைத்து, விடுதலை பற்றி அவர்களிடம் பேசத் தொடங்கிவிடுகிறார். முன்னுரைக் காட்சி கடந்தபின் ரோபோக்களுக்கு ஆசிரியர் குறிப்பிடும் உடை: இடுப்பில் வார் கட்டிய மேற்சட்டை, மார்பில் பித்தளை எண். அது தொழிலாளியின் உடை.

இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஆலையின் ஆய்வாளரான மருத்துவர் கால், ரோபோக்களுக்கு வலி உணர்வைப் புகுத்த முயல்கிறார். வலி இல்லாததால் அவை இயந்திரத்துக்குள் கையை விட்டுவிடுகின்றன, விரலை முறித்துக்கொள்கின்றன, மண்டையை உடைத்துக்கொள்கின்றன. நிறுவனத்துக்கு இது சேதம். எனவே பொருளைப் பாதுகாக்க வலி தேவைப்படுகிறது. வலி வந்தால் அவை மகிழ்ச்சியாக இருக்குமா என்று ஹெலெனா கேட்கிறார். மாறாக, தொழில்நுட்ப வகையில் மேம்பட்டவையாக இருக்கும் என்பதே மருத்துவரின் விடை. ஓர் உயிரின் வலியை முதலீட்டுக் கணக்கில் வரவு வைக்கும் இந்த உரையாடலை 1920இல் ஒருவர் எழுதிவிட்டார்.

மற்றொன்று கிளர்ச்சிக் காட்சி. ரோபோக்கள் தீவிலிருக்கும் மனிதரையெல்லாம் கொன்றுவிட்டு ஒருவரை மட்டும் உயிரோடு விடுகின்றன. அவர் கட்டடப் பொறுப்பாளர் அல்குவிஸ்ட். மற்ற நிர்வாகிகள் திட்டமிட்டபோது சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்கியவர் அவர். தங்களைப் போலக் கையால் வேலை செய்பவர் என்பதே ரோபோக்கள் சொல்லும் காரணம். நாடகத்தின் பிரிவினை எங்கே ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மனிதர் ஒருபுறம், இயந்திரம் மறுபுறம் என்று அது ஓடவில்லை. ஏவுபவர் ஒருபுறம், உழைப்பவர் மறுபுறம் என்று ஓடுகிறது.

5. ஆங்கிலத்தில் தகரம் பூண்டது

நியூயார்க்கில் 1922 அக்டோபர் 9 அன்று தியேட்டர் கில்டு இந்த நாடகத்தை அரங்கேற்றியது. 1923 ஏப்ரலில் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு அது வந்தது. மொழிபெயர்த்தவர் பால் செல்வர். நாடகத்தின் மற்ற சொற்களையெல்லாம் ஆங்கிலமாக்கியவர் ரோபோட்டை மட்டும் அப்படியே விட்டார். அடிமை என்றோ கொத்தாள் என்றோ அவர் பெயர்த்திருந்தால் உலகம் இன்று வேறு சொல்லைப் பேசிக்கொண்டிருக்கும்.

அந்த முடிவுதான் சொல்லுக்கு வாழ்வு தந்தது. பொருளைப் பறித்ததும் அதுவே. செக் பார்வையாளருக்கு அந்தச் சொல்லில் மூன்று நூற்றாண்டுக் கதை கேட்டது. ஆங்கிலப் பார்வையாளருக்கு இரண்டு அசை கேட்டது. வேரறியாத சொல்லில் எதையும் நிரப்பலாம். 1920களின் ஆங்கில உலகம் அதில் இரும்பை நிரப்பியது.

முதலில் மாற்றம் மெதுவாகவே நடந்தது. 1923இல் ஆங்கில எழுத்தில் ரோபோட் என்பது இயந்திரம்போல் நடந்துகொள்ளும் மனிதரைக் குறித்தது. அவ்வாண்டு லண்டனில் நடந்த பொது விவாதத்தில் எழுத்தாளர்கள் பெர்னார்ட் ஷாவும் செஸ்டர்ட்டனும் நாடகம் பற்றிப் பேசினார்கள். பேச்சு ரோபோக்களைச் சுற்றியே போனதைக் கண்ட கரெல், தமக்கு அக்கறை மனிதர்களைப் பற்றியே என்று ஓர் ஆங்கில வார இதழில் பதில் எழுதினார்.

ஐந்தாண்டில் நிலைமை மாறிவிட்டது. 1928இல் லண்டனில் மாதிரிப் பொறியியல் கண்காட்சி ஒன்றைத் திறந்துவைக்க எரிக் என்ற அலுமினிய மனிதனை நிறுத்தினார்கள். டபிள்யூ. எச். ரிச்சர்ட்ஸும் ஆலன் ரெஃபெலும் செய்த அந்த உருவம் எழுந்து நின்று, கையசைத்துப் பேசியது. அதன் மார்பில் பொறித்திருந்த எழுத்துகள் ஆர்.யு.ஆர். நாடகத்தில் தொழிலாளியின் பித்தளை எண் இருந்த இடத்தில் நாடகத்தின் பெயரே விளம்பரமாக வந்து உட்கார்ந்தது. உயிர்ப்பொருள் போய் உலோகம் வந்ததற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

அக்காலத்தில் பிரிட்டனில் தானியங்கிப் போக்குவரத்து விளக்கையும் ரோபோட் என்றே அழைத்தார்கள். சந்தியில் நின்று கைகாட்டிய காவலரின் வேலையை எடுத்துக்கொண்டது என்பதால் அந்தப் பெயர். பிரிட்டனில் அது மறைந்துவிட்டது. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் இன்றும் சிக்னல் விளக்குக்குப் பெயர் ரோபோட்தான். அங்கே வழி கேட்டால், அடுத்த ரோபோட்டில் இடதுபுறம் திரும்புங்கள் என்று பதில் வரும்.

இந்த மாற்றத்தைக் கரெல் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1935 ஜூனில், ரோபோக்களின் ஆசிரியர் தற்காத்துக்கொள்கிறார் என்ற பொருள்பட ஒரு கட்டுரை வெளியிட்டார். பற்சக்கரமும் ஒளிமின்கலமும் திணித்த தகரப் பொம்மைகளை உலகுக்குத் தரும் எண்ணம் தமக்கு இருந்ததே இல்லை என்றும், இயந்திரம் மனிதரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்ற கருத்துக்குத் தாம் பொறுப்பேற்க முடியாது என்றும் அதில் வாதிட்டார். 1938 டிசம்பர் 25 அன்று அவர் இறந்தார். சில மாதத்தில் ஜெர்மானியப் படைகள் பிராகுக்குள் நுழைந்தன. யோசெப்பை 1939 செப்டம்பர் 1 அன்று கைது செய்தார்கள். டாகாவ், புகன்வால்ட், சாக்ஸன்ஹவுசன் முகாம்களைக் கடந்து, 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமில் அவர் வாழ்வு முடிந்தது. மனிதருக்கு எண் கொடுத்துச் சாகும்வரை வேலை வாங்கிய ஓர் ஆட்சி, ரோபோ என்ற பெயரைத் தந்தவரையும் விட்டுவைக்கவில்லை.

6. கீழ்ப்படிதல் சட்டமாயிற்று

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நடந்தது. எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1941இல் வெளியான ஒரு சிறுகதையில் ரோபோட்டிக்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல் என்றே அவர் நினைத்தார். பிறகுதான் அது தம் ஆக்கம் என்று தெரிந்தது. 1942 மார்ச்சில் வந்த கதையில் ரோபோக்களுக்கான மூன்று விதிகளை வகுத்தார். மனிதருக்குத் தீங்கு கூடாது, மனிதர் இடும் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும், தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற வரிசையில் அவை அமைந்தன.

கிளர்ச்சி செய்யும் ரோபோ என்ற தேய்ந்த கதையிலிருந்து அறிவியல் புனைவை மீட்டது அசிமோவின் சாதனை. ஆனால் உழைப்பு வரலாற்றின் கண்ணோடு பார்த்தால், இரண்டாம் விதி பழைய ரோபோத்தாவின் உட்கருவே. கட்டளைக்கு மறுப்பு கிடையாது. தன்னைக் காத்துக்கொள்வதும் அந்தக் கட்டளைக்குப் பிறகுதான். சாப்பெக் கேள்வியாக எழுப்பிய நிலையை அசிமோவ் பொறியியல் நிபந்தனையாக மாற்றினார். மாட்டிக்கொள்பவர் உலோகப் பிறவி என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

கதையிலிருந்து ஆலைக்கும் ரோபோ வந்தது. ரோபோக் கைக்காகக் கண்டுபிடிப்பாளர் ஜார்ஜ் டெவோல் 1954இல் விண்ணப்பித்த காப்புரிமை 1961இல் கிடைத்தது. அவ்வாண்டே யுனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ, நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் வேலைக்கு வந்தது. உருகிய உலோகத்தில் வார்த்தெடுத்த சூடான பாகங்களை அச்சிலிருந்து எடுத்து அடுக்குவது அதன் பணி. மனிதர் கையைச் சுட்டுக்கொண்டு செய்த வேலை அது. இதில் தொழிலாளிக்குக் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது.

ஆனால் பத்தாண்டுக்குப் பிறகு ஓஹியோவில் அதே நிறுவனத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் நடந்தது வேறு. வேகா காருக்காக அங்கே பற்றவைப்பு ரோபோக்களை வரிசையாக நிறுத்தினார்கள். மணிக்குச் சுமார் 100 கார் என்று தொடர்வரிசையின் வேகம் ஏறியது. ஒரு காரில் தன் வேலையை முடிக்கத் தொழிலாளிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 36 வினாடி. 1972 மார்ச்சில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று வாரம் அது நீடித்தது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். கூலியைவிட வேலையின் வேகமும் வேலை நடத்தப்படும் விதமும்தான் அவர்களின் முறையீடு. இயந்திரம் மனிதரைப்போல் ஆகும் என்று கதைகள் அஞ்சின. லார்ட்ஸ்டவுனில் மனிதரை இயந்திரத்தின் வேகத்துக்கு இழுத்தார்கள். ஊபித்சே ஆலையில் வேலை பார்த்த யோசெப்புக்கு இது புரிந்திருக்கும்.

7. தமிழுக்கு வந்த வழி

தமிழில் இந்தக் கருத்து இயந்திர மனிதன், எந்திரன் என்ற பெயர்களோடு வந்தது. பொறியை வியக்கும் மரபு தமிழுக்குப் பழையது. உதயணனைச் சிறைப்பிடிக்க வீரர்களை உள்ளே வைத்துச் செய்த யானைப் பொறி பெருங்கதையில் வருகிறது. விசயை ஏறிப் பறந்த மயிற்பொறி சீவகசிந்தாமணியில் வருகிறது. எனவே புதுச்சொல்லை எந்திரத்தோடு சேர்த்தது இயல்பே. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாயும், 2010இல் ஷங்கர் இயக்கத்தில் வந்த 'எந்திரன்' படத்தின் சிட்டியும் இந்தக் கருத்தை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் பெயரில் எந்திரம் இருக்கிறது, உழைப்பு இல்லை.

ரோபோத்தாவுக்கு நேரான சொல் தமிழில் இல்லாமலும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் கடமைப் பெயர்களுள் ஒன்று வெட்டி. கூலியின்றித் தர வேண்டிய கட்டாய உழைப்பு அது. அமஞ்சி என்ற சொல்லும் அதே பொருளில் வழங்கியது. தெலங்கானாவில் 1946இல் மூண்ட உழவர் போராட்டம் எதிர்த்தவற்றுள் முதன்மையானது 'வெட்டி சாகிரி'. இந்திய அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இன்றைய தமிழில் வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை. கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பின் பெயர், எதற்கும் உதவாத செயலுக்குப் பெயராகிவிட்டது. செக் சொல் உலோகத்துக்குள் மறைந்ததுபோல், தமிழ்ச்சொல் ஏளனத்துக்குள் மறைந்தது.

இன்னொரு மாற்றம் இணையத்தில் நடந்துவருகிறது. ஒரு சேவைக்குள் நுழைய, நான் ரோபோ அல்ல என்று கட்டத்தில் குறியிட வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய வடிவில், கலைந்த எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. 2007இல் தொடங்கிய ரீகேப்ட்சா என்ற அந்த ஏற்பாட்டை 2009இல் கூகுள் வாங்கியது. பழைய நூல்களையும் நியூயார்க் டைம்ஸ் தொகுப்பையும் கணினியில் ஏற்றியபோது கணினிக்குப் புரியாத சொற்களை, கோடிக்கணக்கான மக்கள் இப்படித்தான் கூலியின்றிப் படித்துக்கொடுத்தார்கள். பிறகு வீட்டு எண்களும் படங்களும் வந்தன. நூல்கள் எண்மமானது நல்ல காரியமே. ஆயினும் ரோபோ இல்லை என்று நிரூபிப்பதற்காக மனிதர் செய்த அந்தச் சிறுவேலை, சொல்லின் முதற்பொருளில் ரோபோத்தாவேதான்.

அவையோரே, இவ்வளவும் சொன்னபின் இந்த உரை முன்வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று.

தமிழ் அகராதிகளில் ரோபோ என்ற பதிவு தானாக இயங்கும் பொறி என்பதோடு நிற்கக்கூடாது. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்ற தகவலும், வெட்டி, அமஞ்சி ஆகியவற்றுக்கான குறுக்குக் குறிப்பும் அங்கே இடம்பெற வேண்டும்.

ஆர்.யு.ஆர். நாடகத்தைச் செக் மூலத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்கி மேடையேற்ற வேண்டும். தகர வேடம் தவிர்த்து, ஆசிரியர் குறித்தபடி தொழிலாளியின் மேற்சட்டையோடும் மார்பில் எண்ணோடும் ரோபோக்கள் வர வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோள் இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் ஆலைகளில் ரோபோக் கைகள் பற்றவைக்கின்றன. அதே ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். அங்கே வேகத்தை யார் முடிவு செய்கிறார், மறுத்துப் பேசும் உரிமை யாருக்கு இருக்கிறது, கூடிய உற்பத்தியில் பங்கு யாருக்குப் போகிறது என்ற கேள்விகளோடு களத்துக்குச் செல்லுங்கள். தொழிலாளர் சொல்லும் சொற்களையும் அப்படியே குறித்துவாருங்கள். அந்தச் சொற்பட்டியலை அடுத்த ஆண்டு இதே மேடையில் உங்களில் ஒருவர் படிக்க வேண்டும் என்று கேட்டு இந்த உரை நிறைவுபெறுகிறது.